கட்டிலில் வந்த ஓவியர்

நேற்று மாலை எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில், மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவைப் பற்றி அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடித்த நாடகத்தைப் பார்த்தேன். ஆறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பியதையும், 1925 செப்டம்பரில் அவர் சென்ற பேருந்தில் டிராம் மோதி முதுகெலும்பு முறிந்ததையும் சில நிமிடங்களிலேயே கடந்துவிட்டார்கள்; அதுவே சரியென்று எனக்குப் பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஃபிரிடாவாக நடித்த பெண், தம் உடலை இறுக்கியிருந்த வெள்ளை மாவுக்கட்டின்மீது சிவப்பு வண்ணத்தைத் தீட்டத் தொடங்கியபோது, கூடத்தில் இருமல் சத்தம்கூட எழவில்லை. 1946இல் நியூயார்க்கில் நடந்த அறுவை சிகிச்சைக் காட்சியில் மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, அவர் ஸ்பானிய மொழியிலேயே விடை சொன்னார். இரு மொழிகளை வெறும் வசதிக்காகச் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 1953இல் மெக்சிகோ நகரில் நடந்த தம் தனிக் கண்காட்சிக்கு அவர் ஆம்புலன்ஸில் வந்து, கட்டிலில் படுத்தபடியே விருந்தினரை வரவேற்ற காட்சியில், கட்டிலின் சக்கரம் மேடைப் பலகையில் சிக்கிக்கொண்டது. தள்ளி வந்த சிறுவனை ‘ஃபிரிடா’வே ஸ்பானிய மொழியில் செல்லமாக அதட்ட, கூடமே சிரித்தது.