256 என்றால் 1

இரவு மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் பேட்ச் ஜாப் (தானாக ஓடும் வேலைத் தொகுப்பு) முடிந்ததும் என் விண்டோஸ் கணினியில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். இத்தனை நாள் ஆப்பரேட்டர் போன் போடுவார், நான் தூக்கக் கலக்கத்தில் லாகின் செய்து ஓட்டுவேன்.

இதை ஜாபே செய்யட்டும் என்று முதலில், இன்னொரு கணினியில் கட்டளையை ஓட்டும் ரெக்செக்கைப் பார்த்தேன். ஜாபை எழுதும் மொழியான ஜேசிஎல்லில் ஒரே ஸ்டெப்தான். ஆனால் பாஸ்வேர்டு 512-ஆம் போர்ட் வழியாக மூடாக்கே இல்லாமல் போகும். அதை வாங்கிக்கொள்ளும் சர்வீஸும் விண்டோஸில் கிடையாது. சரி, வேண்டாம்.

அப்புறம் எஸ்எஸ்ஹெச். இதுவும் அதே வேலைதான், ஆனால் மூடாக்கு போட்டுச் செய்யும். விண்டோஸ் 10-இலேயே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரைச் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (சாவிக் கோப்பு) வைத்து, ஜாபிலிருந்து யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்டும் பிபிஎக்ஸ்பேட்ச் வழியாகக் கட்டளையை அனுப்பினேன். ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது! ஆனால் ஜாபின் ரிட்டர்ன் கோடு 0256. கோளாறில்லை என்றால் 0000 வர வேண்டும்.

ஜேசிஎல்லை நாலு தடவை மாற்றினேன். எத்தனை மாற்றினாலும் அதே 0256. மேனுவலோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது: கட்டளை முடியும்போது தரும் எண்ணை, அதாவது எக்சிட் கோடை, பிபிஎக்ஸ்பேட்ச் 256-ஆல் பெருக்கித்தான் தரும். விண்டோஸில் 1 என்றால் மெயின்பிரேமில் 256. கோளாறு மெயின்பிரேமில் இல்லை, என் ஸ்கிரிப்டின் கடைசி வரியில். லாக்கில் இல்லாத ஒரு சொல்லைத் தேடிவிட்டு 1 தந்திருக்கிறது. (பாவம், அந்தக் கிழட்டு யானையை மத்தியானம் முழுக்கத் திட்டினேன்.)

நேற்று இரவு 0000. போன் வரவில்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது.