இரண்டு ரூபாய் மணிப்பூரி

அம்மாவுக்கு வந்த பழைய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. என் ஸ்டாம்ப் பைத்தியம் அங்கேதான் தொடங்கியது. உறைகளைப் பிரித்து அடுக்கினால் ஆறு பரதநாட்டியம். ஒரே ஸ்டாம்ப்தான், ஆறு உறைகளில்.

1975இல் நம் தபால் துறை நடனங்களுக்காக ஆறு ஸ்டாம்புகள் வெளியிட்டது. பரதநாட்டியம், ஒடிசி, கதக், கதகளி, குச்சிப்புடி, மணிப்பூரி. டப்பாவில் மற்ற ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கடிதம் போட்ட சித்தி, பெரியம்மா எல்லாரும் பரதநாட்டிய ரசிகைகள் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அவ்வளவு அழகானதில்லை. அன்றைக்குக் கடித உறைக்கு 25 பைசா ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பரதநாட்டியத்தின் விலை 25 பைசா. மணிப்பூரியின் விலை 2 ரூபாய். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களோ பார்சல் போடுகிறவர்களோதான் அதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். மணிப்பூரில் இருந்த வீடுகளின் பிஸ்கட் டப்பாக்களிலும் பரதநாட்டியம்தான் குவிந்திருக்கும்!

இது தெரிந்த பிறகு எந்தக் கலை ஸ்டாம்பைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறேன். 1971இல் வந்த ரவிவர்மாவின் தமயந்தியும் அன்னமும் 20 பைசா. அப்போது கடிதக் கட்டணமும் 20 பைசா. அதனால் தமயந்தி ஊர் ஊராகப் போயிருக்கிறாள். 1973இல் சிற்றோவியங்கள் நான்கு வந்தன. அவற்றில் ராஜஸ்தானின் கிஷன்கர் பாணி ராதை 20 பைசா. அந்த மீன் கண்ணும் கூர்மூக்கும் எங்கள் டப்பாவிலும் இரண்டு இருந்தன. அதே வரிசையில் சங்கிலியால் கட்டிய யானை 2 ரூபாய். யானை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதனால் நான் முத்திரை விழுந்த ஸ்டாம்புகளை மட்டும்தான் சேர்க்கிறேன். புத்தம் புதிய மின்ட் ஸ்டாம்புகளைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்புவார்கள். ஒட்டாத ஸ்டாம்ப், எழுதாத கடிதம் மாதிரி எனக்குத் தோன்றும். கூடவே ஒரு சோம்பேறிக் காரணமும் உண்டு. மழைக்காலத்தில் மின்ட் ஸ்டாம்பின் பசை இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் வழவழப்புத் தாள் வைத்து, பீரோவில் சிலிக்கா ஜெல் போட்டு, அவற்றைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முத்திரை விழுந்தது அப்படியில்லை. தண்ணீரில் ஊறவைத்து, பசை போனதும் சாமணத்தால் எடுத்துக் கவிழ்த்துக் காயவைத்தால் போதும்.

இன்றைய கலை ஸ்டாம்புகளில்தான் சிக்கல். 2000இல் பீகாரின் மதுபனி ஓவியங்கள் வந்தன. 2009இல் காஞ்சிப் பட்டு, கலம்காரி, பனாரஸ் பட்டு, அருணாசலப் பிரதேசத்தின் அபதானி நெசவு நான்கும் ஒன்றாக வந்தன. 2017இல் கைவிசிறிகள் மட்டுமே பதினாறு! ஆனால் இவற்றைக் கடிதத்தில் ஒட்டுகிறவர் யார்? நேராக ஆல்பத்துக்குள் போய்விடுகின்றன. சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் எலக்ட்ரிக் தியேட்டர், 1913இல் படம் காட்டிய இடம். அங்கே போனால் என்னைப் போலவே நாலு பேர் கையில் கவரோடு நிற்பார்கள். எல்லாரும் வாங்குவார்கள், யாரும் ஒட்ட மாட்டார்கள்.

சரி, நாமே ஒட்டுவோம் என்று ஒரு மதுபனி ஸ்டாம்பை அஞ்சலட்டையில் ஒட்டி எனக்கே போட்டேன். மதுபனியில் கோட்டுக்குள் கோடு இழுத்து, இலை, மீன், புள்ளி என்று எதையாவது போட்டு, வெற்றிடமே இல்லாமல் நிரப்பியிருப்பார்கள். மூன்று நாளில் அட்டை வந்தது. முத்திரை இல்லை. வழியில் யாரோ நீலப் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் கோபம் ஆறவில்லை. நிரப்பாமல் இருந்த கொஞ்ச இடத்தையும் நிரப்பிவிட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மேக்சிமம் கார்டு பக்கம் போனேன். அதாவது படம், ஸ்டாம்ப், முத்திரை மூன்றும் ஒன்றையே பேச வேண்டும். காஞ்சிப் பட்டுப் படம் போட்ட அட்டை, அதன் படப் பக்கத்திலேயே காஞ்சிப் பட்டு ஸ்டாம்ப், அதன் மேல் காஞ்சிபுரம் முத்திரை. கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டாம்பை அட்ரஸ் பக்கத்துல ஒட்டணும்மா, இது செல்லாது" என்றார். "தபால்ல போறதுக்கில்ல சார், சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டி, அவரும் பார்த்து, கடைசியில் கவுண்டர்காரரே முத்திரையில் மை போதவில்லை என்று புதிதாகத் தடவி, மெதுவாக வைத்து அழுத்தினார். என்னிடம் இருப்பதிலேயே தெளிவான முத்திரை அதுதான். தேதி, ஊர் பெயர், பின்கோடு எல்லாம் படிக்கலாம்.

மணிப்பூரி மட்டும் பாக்கி இருந்தது. மின்டாக வேண்டுமென்றால் வியாபாரிகளிடம் எப்போதும் கிடைக்கும். எனக்கு வேண்டியது உறையோடு. போன மாதம் ஒரு கண்காட்சியில் பழைய உறைகள் கொட்டியிருந்த பெட்டியைக் கிளறினேன். அரைமணி நேரம் கழித்து ஒரு நீளமான விமானத் தபால் உறை கிடைத்தது. ஓரத்தில் மணிப்பூரி. அதன் பக்கத்திலேயே, கட்டணத்தைச் சரிக்கட்ட ஒட்டியதோ என்னவோ, ஒரு 25 பைசா பரதநாட்டியம். பரதநாட்டியத்தின் மேல் முத்திரை மூலையில் லேசாகத் தொட்டிருந்தது. மணிப்பூரியின் மேல் நடுமுகத்தில் கறுப்பாக விழுந்து, ஆடுகிறவரின் பாவாடை மட்டும் தெரிந்தது.

"இது வேணாம்மா, டேமேஜ். நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிஸ்கட் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன்.