கருப்பு வீழ்படிவும் அகார் தட்டில் தெரிந்த வளையமும்

ஃபெரஸ், ஃபெரிக் என்ற இருவகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து, காற்றுப் படாதபடி நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே அம்மோனியாவை ஊற்றினால், மஞ்சளாக இருந்த கரைசல் கண்ணெதிரிலேயே கன்னங்கரேலென்று மாறிவிடும். அந்தக் கருமைதான் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு. பாக்டீரியாவை எதிர்க்கும் காந்த நானோதுகள்களுக்காக அதைத் தயாரித்தேன். பீக்கரின் ஓரத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்தபோது, சில நொடிகளில் கருமை முழுவதும் அந்தப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ள, மீதி நீர் தெளிந்துவிட்டது. முதன்முறை அதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவில் தனித்தனியாக மிதக்கும் துகளைக் கைக்காந்தம் அவ்வளவு விரைவில் இழுத்துவிடாது. இழுவிசை துகளின் கனஅளவைப் பொறுத்தது, இத்தனை சிறிய துகளை நீர் மூலக்கூறுகளின் மோதலே அலைக்கழித்துக்கொண்டிருக்கும். என்னுடையவை முன்பே கட்டிதட்டிப் போயிருந்தன.

இங்கேதான் இத்துறையின் முதல் சிக்கல் இருக்கிறது. மேக்னடைட் துகள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால், புறக்காந்தத்தை விலக்கியதும் அதன் காந்தத்தன்மை மறைந்துவிடும். ஒன்றையொன்று இழுத்து இரத்தத்தில் திரளாமலிருக்க அந்தப் பண்பு தேவை. ஆனால் அதே சிறுமைதான் இழுவிசையையும் குறைத்துவிடுகிறது. எனவே சிறு படிகங்கள் பலவற்றை ஒரே சிலிக்கா அல்லது பாலிமர் மணிக்குள் பொதிந்து இரண்டையும் சமாளிக்கிறார்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் வேலையைக் காந்தம் செய்வதில்லை. சொல்லப்போனால் இரும்பு பாக்டீரியாவுக்கு உணவு. உடலிலிருந்து அதைப் பறித்துக்கொள்ளவென்றே பல பாக்டீரியாக்கள் தனி மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. ஆகவே வெள்ளி, கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்), வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மேற்பூச்சுகளே கொல்லும் பொறுப்பை ஏற்கின்றன. வான்கோமைசின் பாக்டீரியாவின் செல்சுவர்க் கண்ணிகளைப் பற்றிக்கொள்வது என்பதால், 2003இல் இரும்பு‑பிளாட்டினம் துகள்களில் அதைப் பிணைத்து, மாதிரியில் மிகக் குறைவாக இருந்த பாக்டீரியாக்களைக் காந்தத்தால் பிடித்துக் காட்டினார்கள். கொல்வதைக் காட்டிலும் இந்தப் பிடித்தெடுக்கும் பயன்தான் எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

நான் ஏமாந்தது வெள்ளிப் பூச்சில். பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) துகள்களைச் சொட்டிவைத்து மறுநாள் பார்த்தபோது, கருப்புப் புள்ளியைச் சுற்றி எதுவும் வளராத வளையம் அழகாக விழுந்திருந்தது. பூரித்துப்போய்ப் படமெடுத்தும் வைத்தேன். ஆனால் கட்டிதட்டிய துகள்கள் அகாருக்குள் நகரவே இல்லை. புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. வளையத்தை உண்டாக்கியவை துகளிலிருந்து கசிந்து பரவிய வெள்ளி அயனிகள். காந்தத்தால் துகள்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரை மட்டும் வேறொரு தட்டில் இட்டதும் ஏறக்குறைய அதே அளவு வளையம் வந்தது. அப்படியானால் நான் அளந்தது கசிவை.

காந்தத்துக்கு உண்மையிலேயே வேலை இருப்பது உயிரிப்படலத்தில். பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் ஒடுங்கிவிட்டால் மருந்து உள்ளே செல்லத் திணறும். துகளைப் புறக்காந்தத்தால் அந்தப் பசைக்குள் இழுத்துச் செலுத்தலாம், மாறுதிசைக் காந்தப்புலத்தால் சூடாக்கிப் படலத்தைத் தளர்த்தலாம். இன்னொரு வழியும் உண்டு: இரும்பு ஆக்சைடு துகள்கள் பெராக்சிடேஸ் நொதியைப் போல நடந்துகொள்வது 2007இல் வெளிவந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால், அமிலச் சூழலில் அவை கடுமையான ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை, அதாவது அருகிலிருப்பதையெல்லாம் தாக்கும் வினைத்துடிப்புள்ள துண்டுகளை, உண்டாக்கும். சொத்தைப் பல்லின் படலம் அமிலமாகவே இருப்பதால், தேவையான இடத்தில்தான் வினை வலுக்கிறது. இரத்தசோகைக்காக அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்ற ஃபெரூமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு மருந்தையே இதற்குச் சோதித்திருக்கிறார்கள்.

உடலின் ஆழத்துக்கு இதையெல்லாம் கொண்டுசெல்லலாம் என்ற பேச்சை நான் எச்சரிக்கையோடுதான் கேட்கிறேன். காந்தத்தின் இழுவிசை தூரத்தோடு மளமளவென்று குறைந்துவிடும். இரத்தத்தில் விட்ட துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடும். பல்லும் மேற்புறக் காயமும் காந்தத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எந்தப் பூச்சானாலும் இப்போது தெளிநீருக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குகிறேன்.