கால் அங்குலக் குமிழ்

போன புதன்கிழமை இரவு எட்டு மணியளவில், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பட்டறையின் நடு மேசையில் ஒரு பழைய வால்வு ரேடியோ பேசியது. திருகியவுடன் அதில் சத்தம் வராது. உள்ளே வால்வுகள் என்ற கண்ணாடிக் குழல்கள் சூடேற அரை நிமிடம் வேண்டும். அந்த அரை நிமிடமும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சு விடாமல் நின்றோம். முதலில் இரைச்சல், அப்புறம் எங்கோ தூரத்தில் ஒரு தமிழ்க் குரல். ரேடியோவை உயிர்ப்பித்தவர் எழுபது தாண்டிய ஒரு மாமா. அதன் குமிழைச் செய்தவள் நான்.

நான் தையல்காரி. நாவற்குடாவில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் வைத்துத் தைக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து போனது. அன்றைக்கு அலுமாரிக்குள் வைத்த பௌதிகவியல் கொப்பியைப் பதினொரு வருடம் நான் தொடவில்லை.

போன வருடம் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்த நேரத்தில் ஒரு மெஷினின் மோட்டர் நின்றுவிட்டது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல், மோட்டர் எரிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். அந்தக் காசுக்கு நான் எங்கே போவது? பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பட்டறையைச் சொன்னாள். புதன் இரவுகளில் உடைந்த சாமான் எதையும் கொண்டுபோகலாம், ஆனால் திருத்தும்போது நாமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

போனேன். ஒரு தம்பி மோட்டரைத் தொடவே இல்லை. ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கால்பெடலிலிருந்து வரும் வயரின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரின் ஊசிகளை வைத்தார். கரண்ட் போக வழியிருந்தால் மீற்றர் 'பீப்' என்று கத்தும். கத்தவில்லை. பெடலுக்குள் நுழையும் இடத்தில் வயரை மெல்ல வளைத்தார். கத்தியது. விட்டார், நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் கால் வருடக்கணக்காக மிதித்து மிதித்து, மேலே றப்பர் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு சாண் வயரை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப இணைத்தால் சரி. "நீங்களே செய்யுங்க அக்கா" என்று சொல்லிச் சூடேற்றிய ஈயக்கோலை என் கையில் தந்தார்.

ஈயம் வைப்பது தையல் மாதிரியேதான். கோலை ஈயத்தில் வைத்து உருக்கி அப்பக் கூடாது. இணைக்க வேண்டிய இரண்டு உலோகத்தையும் கோலால் சூடாக்கிவிட்டு, ஈயக் கம்பியை அந்தச் சூட்டில் தொட்டால் அது தானாக ஓடிப் பிடிக்கும். நாங்கள் பாவிப்பது தகரமும் காரீயமும் 60க்கு 40 கலந்தது. 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். நல்ல இணைப்பு பளபளவென்று இருக்கும். சூடு போதாமல் வைத்தது மங்கலாக, உருண்டையாக நிற்கும், ஒருநாள் கழன்றும் விடும். நூலின் இழுவை சரியில்லாத தையலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேனே, அதே கண்தான் இங்கும் வேண்டும். காரீயம் கலந்தது என்பதால் வேலை முடிந்து கை கழுவாமல் யாரும் வடையைத் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் நான் எல்லோரிடமும் கண்டிப்பு.

இப்படிப்பட்ட இடங்களை வெளியில் ஹேக்கர்ஸ்பேஸ் என்கிறார்கள். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்துவிட்டா. ஹேக்கர் என்றால் வங்கிக் கணக்கைத் திருடுகிறவன் என்றுதானே பேப்பரில் வருகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் கழகம் ஒன்று இருந்தது. மற்றவர் நினைக்காத வழியில் ஒரு வேலையைக் கெட்டித்தனமாகச் செய்து முடிப்பதைத்தான் அந்த மாணவர்கள் 'ஹேக்' என்றார்கள். கிழிந்த காற்சட்டைக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தெரியாமல் தைப்பதும் ஹேக்தான் என்று அம்மாவுக்கு விளக்கினேன். பெர்லினில் 1995இல் தொடங்கிய சி-பேஸ் என்ற இடத்தைப் பார்த்து, பல நாடுகளிலும் ஆட்கள் கூடி இப்படி இடங்களை எடுத்தார்களாம். எங்களுடையது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. எழுதி ஒட்டியிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: இந்த மாதம் கற்றவர் அடுத்த மாதம் ஒருவருக்காவது கற்றுக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை சின்னப் பிள்ளைகளின் ஆடினோ வகுப்பு. ஆடினோ என்பது நாம் எழுதும் கட்டளைப்படி வேலை செய்யும் ஒரு சின்ன மின்பலகை. வருகிறவர்கள் படம் எடுப்பது இதைத்தான். பிள்ளைகள் முதலில் ஒரு சின்ன எல்.ஈ.டி.யை மினுக்குவார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து தகப்பனின் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் கடந்து வரும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் மணியடிக்கும் கருவி செய்தாள். சத்தத்தை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் ஒரு சென்சர். அவள் கணக்கில் வீட்டுத் தாங்கியின் ஆழம் எப்போதும் இரண்டு மடங்காகவே வந்தது. இரண்டு சனிக்கிழமை தலையைப் பிய்த்தாள். யாரும் விடையைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று நான் எல்லோரையும் தடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் வாரம் வாசலிலேயே "போன சத்தம் திரும்பியும் வருதே டீச்சர், ரெண்டால பிரிக்க மறந்திட்டன்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். டீச்சர் என்று என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்.

அந்தக் கருவி மூன்று மாதத்தில் நின்றுபோனது. எங்கள் காற்றில் உப்பு. ஈயம் வைத்த புள்ளிகளில் பச்சையாகப் பூத்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு மேலே நகப்பூச்சைத் தடவினோம். இப்போது கடலோர வீடுகளுக்குச் செய்யும் எல்லாவற்றுக்கும் அது உண்டு.

ஆனாலும் என்னைக் கேட்டால் பட்டறையின் உயிர் புதன் இரவுதான். மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்டென்சர் பலவீனப்பட்டிருக்கும். அதே அளவில் இன்னொன்று மாட்டினால் ஃபேன் பழையபடி ஓடும். 230 வோல்ட் சாமான்களைத் திறக்க அனுபவமுள்ள இருவருக்கு மட்டுமே அனுமதி, பிள்ளைகளின் மேசையில் 5 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. பெண்கள் இரவில் தனியே திரும்புவது கஷ்டம் என்று நான் சண்டை பிடித்ததில், பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கி ஒரு அமர்வு வைக்கிறார்கள். அந்த முதல் நாளே ஐந்து புதுப் பெண்கள் வந்தார்கள்.

மாமாவும் ஒரு புதன்கிழமைதான் வந்தார். முன்பு ரேடியோக் கடை வைத்திருந்தவர். திருத்தத் தெரியாமல் வரவில்லை. ரேடியோவின் உள்வேலையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டார், சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் இல்லை. எங்கும் கிடைக்காதாம். எங்கள் முப்பரிமாண அச்சு மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"புள்ள, இதில எனக்கு ஒரு குமிழ் செய்யேலுமா?"

"ஓம் மாமா. நீங்களும் பக்கத்தில இருக்கோணும்."

வேணியர் இடுக்கிமானியை எடுத்தேன். உயர்தரத்தில் பக்கம் பக்கமாக வாசிப்பு எடுத்துப் புள்ளி வாங்கிய கருவி. வீட்டுச் சாமான் ஒன்றை அதனால் அளந்தது அன்றைக்குத்தான். ரேடியோவின் தண்டு 6.35 மில்லிமீற்றர். ஏன் இப்படி ஒரு எண் என்று நான் யோசிக்க, மாமா பார்க்காமலே "கால் அங்குலம், இங்கிலாந்துச் செட்" என்றார்.

டிங்கர்காட் என்ற வரைகலைச் செயலியில் குமிழை வரைந்து 6.35க்கே துளை வைத்தேன். நாற்பது நிமிடம் அச்சாகியது. தண்டில் ஏறவே இல்லை. உருகிய பிளாஸ்டிக் படையாக விழும்போது துளை உள்பக்கமாகச் சற்றுச் சுருங்கும். எனக்கு அது தெரியும், ஆனால் எவ்வளவு என்று தெரியாது. 6.5 வைத்தேன். பாதி ஏறியது. "மறுகா ஒருக்கா" என்றார் மாமா. 6.6இல் 'டக்' என்று உட்கார்ந்தது. ரேடியோச் சூட்டில் உருகாதா என்று கேட்டார். இந்த பிளாஸ்டிக் 60 பாகையளவில் இளகும், வால்வுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, முன்பலகையில் நிற்கும் குமிழுக்குப் பயமில்லை.

அச்சாகிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கேள்விதான். இவ்வளவு கெட்டிக்கார மெஷின் எப்படி இவ்வளவு மலிவானது என்றார். இந்த முறைக்கு ஒரு அமெரிக்க நிறுவனம் வைத்திருந்த காப்புரிமை 2009இல் முடிந்ததையும், அதற்கு முன்பே 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களைத் தானே அச்சிடும் மெஷினுக்கான திட்டத்தைத் தொடங்கி வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து விட்டதையும் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் காலத்து ரேடியோக்களின் முதுகுப்பலகைக்குள் சர்க்கிட் வரைபடத்தையும் ஒட்டி அனுப்புவார்கள் என்றார். அது இருந்ததால்தான் தானே தொழில் பழகியதாகவும் சொன்னார்.

மாரி தொடங்கினால் அச்சு மெஷினுக்கும் கஷ்டகாலம். பிளாஸ்டிக் இழை ஈரத்தைக் குடித்து, உருகும்போது சட்சட்டென்று வெடிக்கும், அச்சு நூல் நூலாக வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு. இறுக்கமான பிஸ்கட் டின்னுக்குள், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பைகளோடு இழைச் சுருளை வைக்கிறோம். உங்கள் வீட்டில் அந்தப் பைகள் கிடந்தால் எறியாமல் கொண்டுவந்து தாருங்கள்.

அடுத்த மாதம் மாமா ரேடியோ வகுப்பு எடுக்கிறார். இரவில் மட்டும் ஏன் தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் எடுக்கின்றன என்பதுதான் முதல் பாடமாம். பகலில் வானத்தில் அந்த அலையை விழுங்கும் அடுக்கு, வெயில் போனதும் இல்லாமல் போய்விடும் என்று இப்போதே பாதியைச் சொல்லிவிட்டார். எனக்கும் அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் துணி இற்றுக் கிழிந்து தொங்குகிறது. சத்தத்தை மறிக்காத ஐதான நெசவு வேண்டும், பின்னால் இருக்கும் ஓட்டையும் தெரியக் கூடாது. நாளைக்குக் காத்தான்குடிக் கடைகளில் துணியைத் தூக்கி வாய்க்கு முன்னால் பிடித்துப் பேசிப் பார்த்துத்தான் வாங்கப் போகிறேன்.