சனிக்கிழமை சொதி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு

நம் குடும்பம் எல்லாம் கூடும் தேதி முடிவாகிவிட்டது. டிசம்பர் 26, 27, சனி ஞாயிறு, இங்கே மும்பை செம்பூரில், எங்கள் சொசைட்டி ஹாலில். அப்பா பக்கம் அம்மா பக்கம் எல்லாம் சேர்த்து முப்பது பேருக்கு மேல் தேறும் என்று அக்கா கணக்குச் சொல்கிறாள். ஏற்பாடுகளுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டு எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அண்ணன் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றாச்சு, பாளையங்கோட்டை வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள். கோயம்புத்தூர் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். மஸ்கட் தம்பிக்கு டிசம்பரில் லீவு கிடைத்துவிட்டது. பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாள்.

ஆடியில் அத்தை போய்விட்டாள். அம்மா ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த நாட்களில் ஆண்டாப் ஹில் வீட்டில் எங்கள் நாலு பேருக்கும் தலை பின்னி, சோறு பிசைந்து ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பியவள். தகவல் வந்தபோது நான், சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷினில் இருந்தேன், இரண்டு ஊசியும் கையில். முடிந்து வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்தபடி போனில் அவள் முகத்தைப் பார்த்தேன். தம்பி மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், யாரோ குறுக்கே வந்துகொண்டே இருந்தார்கள். அன்று ராத்திரிதான் அக்காவிடம் சொன்னேன், இனி ஒரு சாவுக்காகக் காத்திருக்காமல் எல்லாரையும் ஒருமுறை கூட்ட வேண்டும் என்று.

என் விஷயம் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடிந்த அன்று சாயங்காலம் உடம்பு துவண்டுவிடும், மறுநாள் காலை நன்றாகத் தெளிந்துவிடும். அதனால் வாரத்தில் எனக்கு மிக நல்ல நாள் சனிக்கிழமை. ஞாயிறு அப்படியில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி, குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே சேரும், சாப்பாட்டிலிருந்து வரும் பொட்டாசியமும் ஏறும். அளவு தாண்டினால் மூச்சு முட்டும், இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் விருந்து சனிக்கிழமை. ஞாயிறு நீங்கள் கேட்வேயோ மாட்டுங்காவோ எங்கே வேண்டுமானாலும் சுற்றுங்கள், நான் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன்.

ஊரிலேயே கூடலாமே என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. வெளியூரில் டயாலிசிஸ் செய்துகொள்ள முடியும், நிறைய பேர் செய்கிறார்கள். ஆனால் அங்குள்ள சென்டரில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை ரிப்போர்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும், ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் எது, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து எவ்வளவு, அதிகத் தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, அதாவது டிரை வெயிட், என்ன என்று இங்கிருந்து எழுதி வாங்கிப் போக வேண்டும். அதோடு போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் ரயில். செய்யலாம், ஏதாவது ஒரு வருடம் கட்டாயம் அங்கே வருவேன். இந்த முறை அந்தப் பலத்தையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து பேசுவதற்கே வைத்துக்கொள்கிறேன்.

இனி சொல்லப்போவதை எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திடீரென்று எல்லாரையும் கூப்பிடுகிறாளே, கிட்னி கேட்கத்தானோ என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை, பயம் யாருக்கும் வரும். யாரிடமும் கேட்பதற்காக நான் கூப்பிடவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காக என் ஆஸ்பத்திரி மூலமாக மும்பை மண்டலக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறேன். அது வருகிறபோது வரட்டும்.

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு என்பது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, அவ்வளவுதான். சித்தப்பா மக்கள், அத்தை மக்கள் அந்த வட்டத்திலேயே வரமாட்டார்கள், அவர்கள் கொடுக்க முன்வந்தாலும் அனுமதிக் குழு தனியாக விசாரித்துத்தான் முடிவு செய்யும். உடன்பிறந்தவர்கள் மூன்று பேருக்கும் ஒன்று சொல்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். அக்காவும் தம்பியும் தாங்களாகவே டாக்டரிடம் பேசிக்கொண்டால் அது உங்கள் விருப்பம், பேசாவிட்டாலும் உங்கள் மேல் எனக்குக் கடுகளவு வருத்தம் கிடையாது. அந்த ஹாலில் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, குறிப்பாகப் பெரியவர்கள் தம்பி மனைவியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சனிக்கிழமை மதியம் மறுவீட்டுச் சாப்பாடு மாதிரியே சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாழையிலையும் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சொதியில் தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாமே எனக்கு அளவுதான், ஒரு சின்னக் கரண்டி சோற்றில் விட்டுக்கொண்டு ருசி பார்ப்பேன். எனக்கான உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும். மதினி, இதை நீங்களே செய்யுங்கள், உங்கள் கை வறுவலைத்தான் நான் சாப்பிட வேண்டும்.

இளநீர் வேண்டாம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு வாங்கி வருவீர்கள், எனக்கு அது ஆபத்து. வாழைப்பழம், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதையும் தயவுசெய்து வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். திருநெல்வேலி அல்வா தாராளமாகக் கொண்டு வரலாம், எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, ஒரு துண்டுக்கு டயட்டீஷியன் சம்மதம் வாங்கிவிட்டேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடி, ரசம் குடி என்று வற்புறுத்த வேண்டாம், ரசமும் மோரும் காபியும் எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும்.

என் இடது கை ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த கை. மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தால் வண்டு முரலுவது போல உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும், தினமும் காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. குழந்தைகள் கேட்டால் தொட்டுப் பார்க்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை. பிடித்து இழுக்கவோ தொங்கவோ கூடாது, அவ்வளவுதான். பெரியம்மா, எனக்கு எடுத்துவைத்திருக்கும் வளையலை வலது கைக்குப் போடுங்கள், இடது கையில் இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள்.

டிக்கெட் விஷயம் அவசரம். ரயிலுக்கு முன்பு போல 120 நாள் முன்னாலேயே பதிவு செய்ய முடியாது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். டிசம்பர் 24 கிளம்பும் வண்டிக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும், அரையாண்டு லீவு நேரம் என்பதால் உடனே நிரம்பிவிடும். நாகர்கோவில் மும்பை வண்டியில் வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் மகன் சேர்த்துப் போடுகிறான், வயதும் ஆதார் பெயரும் அவனுக்கு அனுப்புங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் குர்லா டெர்மினஸ் வண்டி இருக்கிறது, அங்கிருந்து எங்கள் வீடு பக்கம். பெரியம்மாவுக்குக் கட்டாயம் லோயர் பெர்த்.

25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து சேரும்போது நான் டயாலிசிஸ் முடித்துப் படுத்திருப்பேன், வாசலுக்கு வந்து வரவேற்கவில்லையே என்று நினைக்காதீர்கள். கல்யாண் தாண்டியதும் என் மகனுக்குப் போன் போடுங்கள், அவனும் அவன் அப்பாவும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்கள். ராத்திரிக்கு இட்லி இருக்கும்.