பங்கேற்பாளர் எண் 1

எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது." யார் முதலில் சொல்கிறார்களோ அவர் பக்கம் பாதி வெற்றி. நான் சொன்னால் முழு வெற்றி என்பது என் கணக்கு. வேலையில் இருந்த காலமெல்லாம் பேரேடுகளோடு குடித்தனம் செய்தவன் நான். எந்தப் பக்கத்தில் எந்தத் தொகை அடித்துத் திருத்தப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனைவி இதை மறுப்பதில்லை. "பேரேடு நினைவிருக்கும், பெண்டாட்டி சொன்னதுதான் நினைவிருக்காது" என்று மட்டும் சொல்வாள்.

இந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவள் எங்கள் மகள். முதுகலையில் உளவியல் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் அறிதல் உளவியல் செய்முறைப் பதிவேடு எழுத வேண்டுமாம். பழைய புகழ்பெற்ற சோதனைகளைத் தாங்களே ஒருமுறை செய்து பார்த்து, முடிவுகளை வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும்.

"வகுப்பில் எல்லோருக்கும் விடை தெரியும், அவர்களை வைத்துச் செய்தால் பயனில்லை. ஒன்றும் தெரியாதவர்கள்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் ஆசையோடு பார்த்தாள்.

முதலில் ஒப்புதல் படிவம். வயது 58, ஆண், பெயருக்குப் பதில் 'பங்கேற்பாளர் எண் 1'. மனைவி எண் 2. படிவத்தின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம். திருமணமாகி 29 ஆண்டுகளில் இப்படி ஓர் உரிமையை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. உடனே கையெழுத்துப் போட்டேன்.

முதல் சோதனை ஸ்ட்ரூப். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-இல் வெளியிட்டது. ஒரு தாளில் வெறும் வண்ணச் சதுரங்கள். அவற்றின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இன்னொரு தாளில் நிறப் பெயர்கள், ஆனால் வேறு நிற மையில். 'சிவப்பு' என்ற சொல் பச்சையில் இருக்கும். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய மாணவர்கள் நூறு சதுரங்களுக்குச் சராசரியாக 63 விநாடி எடுத்துக்கொண்டார்கள். நூறு சொற்களுக்கு 110 விநாடி. இந்த மனிதர் பிற்காலத்தில் பைபிள் கற்பிப்பதில் முழுமூச்சாக இறங்கிவிட்டாராம். உலகத்துக்குச் செய்ததற்குப் பிராயச்சித்தம் தேடியிருப்பார் என்பது என் அனுமானம்.

மகள் 40 சொற்களைத் தமிழில் அச்சடித்து வைத்திருந்தாள். சதுரங்களை 27 விநாடியில் முடித்தேன். அடுத்த தாளை நீட்டினாள்.

"பச்சை… நீலம்… மஞ்… இல்லை, சிவப்பு… நீ… நீ…" என்று திக்கினேன்.

"என்னையா கூப்பிடுகிறீர்கள்?" என்றாள் மனைவி.

நாக்கு ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் இழுக்கிறது. ஒன்றாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து கற்றுக்கொண்ட எழுத்து, இப்போது 'படிக்காதே' என்றால் கேட்க மாட்டேன் என்கிறது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை இரண்டு நிமிடத்துக்கு நிறுத்தி வைக்க எந்தக் குழாய்த் திருகும் மனத்தில் இல்லை. 58 விநாடி ஆயிற்று. மனைவி 41 விநாடியில் முடித்துவிட்டு, சமையலறையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள். ஊருக்கு வந்திருந்த அக்காவின் பேரன், நாலரை வயது, இன்னும் எழுத்துத் தெரியாதவன், ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே இரண்டு தாள்களையும் ஒரே வேகத்தில் முடித்தான். அவனுக்கு அவை வெறும் வண்ணக் கோடுகள்தானே. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். மகள் நிறுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டிருந்த அந்தக் கணத்தில், முகத்தைத் துடைப்பதுபோல மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எழுத்தெல்லாம் கரைந்து திட்டுத் திட்டாய் வண்ணம் மட்டும் தெரிந்தது. மளமளவென்று சொன்னேன். 31 விநாடி!

மகள் புருவத்தை உயர்த்தினாள். பதிவேட்டில் 'பயிற்சியால் விளைந்த முன்னேற்றம்?' என்று கேள்விக்குறியோடு எழுதினாள். கேள்விக்குறி எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பேசாமல் இருந்தேன். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எங்கோ வரவு வைத்துக்கொள்கிறாள் என்று பொருள்.

இடையில் சில சில்லறைச் சோதனைகள் நடந்தன. மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லி, உடனே ஒரு மூன்றிலக்க எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வாள். 18 விநாடி கழித்து எழுத்து என்ன என்று கேட்பாள். பத்தில் ஒன்று தேறினால் அதிகம். 1959-இல் பீட்டர்சன் தம்பதி செய்தது இது. கணவனும் மனைவியும் மறதியைப் பற்றி ஆராய்ந்து, கருத்து வேறுபாடில்லாமல் ஒரே கட்டுரையாக எழுதி முடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. இந்தத் துறையிலேயே எனக்கு மரியாதை வருவது எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஒருவர் மேல்தான். அர்த்தமற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் தானே உருவாக்கி, தானே உருப்போட்டு, தானே மறந்து, அந்த மறதியைத் தானே அளந்து 1885-இல் புத்தகமாகப் போட்டார். பெற்றோரை உட்கார வைத்து வதைக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "15 சொற்கள் படிக்கிறேன். முடித்ததும் நினைவில் இருப்பதை எழுதுங்கள்" என்றாள். படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, போர்வை, தலையணை, கொட்டாவி என்று நிதானமாகப் படித்துக்கொண்டு போனாள். 'குறட்டை' வந்தபோது மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆராய்ச்சியின் நடுநிலைமை அந்த இடத்தில் சற்றுக் கெட்டது என்று பதிவு செய்ய விரும்புகிறேன்.

பதினோரு சொற்களை எழுதினேன். இரண்டாவது சொல்லாக 'தூக்கம்'. எழுதியதோடு நில்லாமல் கீழே ஒரு கோடும் போட்டேன். பேரேட்டுப் பழக்கம், உறுதியான தொகைக்கு அடிக்கோடு உண்டு.

"அப்பா, 'தூக்கம்' என்று நான் படிக்கவே இல்லை."

"படித்தாய்."

"இல்லை."

"கனவு சொன்னாய், அதை ஒட்டித் தூக்கம் சொன்னாய். சொல்லும்போது குரலைக்கூடச் சற்றுத் தாழ்த்தினாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

அப்போது நடந்ததை எங்கள் குடும்ப வரலாற்றில் தனியாகக் குறிக்க வேண்டும். மனைவி தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். அதிலும் 'தூக்கம்' இருந்தது. "அப்பா சொல்வது சரிதான். நீ சொன்னாய்" என்றாள். 29 ஆண்டுகளில் ஒரு நினைவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது.

மகள் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டாள். பதினைந்து சொற்கள். தூக்கம் இல்லை. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் இல்லை.

1959-இல் ஜேம்ஸ் டீஸ் தொடங்கி வைத்ததை ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-இல் விரிவாகச் செய்து காட்டினார்களாம். சொல்லாத அந்தச் சொல்லைச் சுற்றியே பட்டியல் முழுவதையும் பின்னி வைப்பது. கேட்பவர் மனம் நடுவிலுள்ள காலியிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அவர்களுடைய 15 சொல் பட்டியல்களில், சொல்லாத சொல்லை எழுதியது 55 விழுக்காடு. அதுகூடப் பரவாயில்லை. "அப்படித் தோன்றுகிறது" என்று மட்டும் சொல்லாமல், "அந்தச் சொல்லைக் கேட்ட கணமே நினைவிருக்கிறது" என்று பலர் அடித்துச் சொன்னார்கள் என்றாள். தாழ்த்திய குரலைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

இப்படி வீடு முழுக்க நினைவின் மேல் சந்தேகம் பரவியிருந்த வாரத்தில்தான் வண்டியைப் பின்னால் எடுத்தபோது வாசல் தூணில் ஒரு சின்ன நிகழ்ச்சி. பின்பக்க பம்பரில் ஓர் ஒடுக்கு. அவ்வளவுதான். மனைவி கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக் கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"எவ்வளவு வேகமாகப் போய் இடித்தீர்கள்?"

"இடிக்கவில்லை. பட்டது."

"பட்டதற்கா இவ்வளவு பெரிய ஒடுக்கு?"

மகள் வாசற்படியில் நின்று சிரித்தாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் ஆண்டும் ஒரு பெயரும் வரும். வந்தது. 1974, எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர். 45 மாணவர்களுக்கு வாகன விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. 'பட்டபோது' என்ற பொருளில் கேட்டால் சராசரி மணிக்கு 32 மைலுக்குச் சற்றுக் கீழே. 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டால் 40-க்கு மேலே. படம் ஒன்றுதான். இன்னொரு 150 பேருக்கு வேறொரு படத்தைக் காட்டி, ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கிய' கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்த' கேள்விக்கு 7 பேர்.

நான் உற்சாகமாகி, "பார்த்தாயா, வினைச்சொல்தான் எல்லாம். நீ 'இடித்தீர்கள்' என்று சொன்னதால்தான் உனக்கு ஒடுக்கு பெரிதாகத் தெரிகிறது" என்றேன்.

"சரி. கண்ணாடியைப் பற்றியே கேட்கிறேன்" என்றாள் மனைவி. "வண்டி எடுக்கும்போது கண்ணாடி மூக்கில் இருந்ததா? இல்லை, அன்றைக்கு நிறம் சொன்னபோது செய்ததுபோல மடியில் இருந்ததா?"

மகள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். அன்று மாலையே பதிவேட்டில் 31 விநாடியின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. 'பங்கேற்பாளர் எண் 1 விதிமுறையை மீறினார், தரவு விலக்கப்பட்டது.' பேரேட்டில் எத்தனையோ பேருடைய கணக்கை அடித்திருக்கிறேன். என்னுடையதை அடித்து அன்றுதான் பார்த்தேன்.

கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் இனி யார் நம்புவார்கள்? அந்த நெருக்கடியில்தான், "நாய் மாதிரி ஏதோ குறுக்கே வந்தது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கே முழு நிச்சயம் இல்லை. ஏதோ அசைந்தது போலிருந்தது. இரவு அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது 'மாதிரி' உதிர்ந்துவிட்டது. நாய் ஒன்று வந்தது. பட்டறையில் சொன்னபோது பழுப்பு நாய். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு வலது காதில் ஒரு வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் இட்டுக்கட்டவில்லை. கண்ணை மூடினால் அந்தத் திட்டு தெரிகிறது.

"பார்ட்லெட், 1932" என்றாள் மகள். பழக்கமில்லாத ஒரு பழங்குடிக் கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு மீண்டும் மீண்டும் சொல்ல வைத்தாராம் அவர். சொல்லச் சொல்லக் கதை சுருங்கிற்று, அவரவருக்குப் பழக்கமானதாக மாறிற்று. அந்த மக்களின் வள்ளம் சாதாரணப் படகாகிவிட்டது. "அவருக்குக் கதை சுருங்கியது. உங்கள் நாய் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது அப்பா."

பேரனை அழைத்துப் போக அக்கா வந்தாள். வந்ததும் பின்பக்கம் போய் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னதான் நடந்தது?" என்று மனைவியிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"பாவம், அந்த நாய்தான்" என்றாள் மனைவி. "பழுப்பு நாய். திடீரென்று பாய்ந்தது. நல்லவேளை, தப்பித்து ஓடிவிட்டது. ஓடும்போது பார்த்தேனே, இடது காது மடங்கியிருந்தது."

கொல்லைப்புறத்திலிருந்து வாசல் தூண் தெரியாது. நடுவில் முழு வீடும் இருக்கிறது. மகள் சத்தம் காட்டாமல் பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினாள். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். முதல் முறையாக என் பக்கம் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே.

"காது மடங்கியிருக்கவில்லை. விறைப்பாகத்தான் இருந்தது. வலது காதில் வெள்ளைத் திட்டு" என்றேன்.

"திட்டெல்லாம் இல்லை" என்றாள் மனைவி. "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."