கிராஃப்-ரைனெட்: சட்டம் போனது, விலை வந்தது

தென்னாப்பிரிக்காவின் கிராஃப்-ரைனெட் ஊருக்குப் போய்வந்த கதை இது. முதலில் என்னை அங்கே கூட்டிப்போன மினிபஸ் டாக்சிக்காரரை ஒரு பிடி பிடித்துவிடுகிறேன். க்கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) ஏறும்போதே என் பைக்குத் தனி இருக்கைக் கட்டணம் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன். பை என்னவோ வழி முழுக்க என் மடியில்தான் வந்தது.

1786-இல் உருவான ஊர் கிராஃப்-ரைனெட். வெள்ளையடித்த டச்சு வீடுகள் கண்ணைப் பறிக்கின்றன. ஸ்ட்ரெட்ச்ஸ் கோர்ட் என்ற சந்தில், விடுதலை பெற்ற அடிமைகள் குடியிருந்த சின்ன வீடுகள் இன்று ஹோட்டல் அறைகள். ஓரிரவு வாடகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

தங்கியது க்ரூன்வேலில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டில். நிறவெறி ஆட்சி 1950-இல் கொண்டுவந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களை ஊருக்குள்ளிருந்து கிளப்பிக் கொண்டுவந்து விட்ட இடம் இது. அந்தச் சட்டம் 1991-இல் ஒழிந்தது. அதன்பின் ஊருக்குள் வீடு வாங்க முடிந்தவர்கள் ஆசிரியர், நகராட்சி அலுவலர் என்று வங்கிக் கடன் கிடைக்கிற மாதச் சம்பளக்காரர்கள்தான். மற்ற பழைய வீடுகளைக் கேப் டவுன்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கி விலையை ஏற்றிவிட்டார்கள் என்கிறார் அம்மையார். 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அரசு இலவசமாகக் கட்டித் தந்த வீடுகளோ, நிலம் மலிவு என்று பழைய ஒதுக்குப்புறங்களை ஒட்டியே எழுந்தன. யார் எங்கே இருக்கலாம் என்பதை முன்பு அதிகாரி சொன்னார், இப்போது வீட்டுத் தரகர் சொல்கிறார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தரகர் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு படத்தில் அம்மையார் விரலை வைத்தார். அவர் பிறந்த வீடு. கொல்லையில் திராட்சைப் பந்தல். “அந்தக் கொடி அப்பா நட்டது தம்பி. அதற்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.” இனச் சட்டங்களால் நிலம் பறிபோனவர்களுக்கான நில மீட்புச் சட்டத்தில் மனுப்போட 1998 கடைசிவரை கெடு இருந்தது. நகரங்களில் மனுப்போட்ட பெரும்பாலோர் போல இவர்கள் குடும்பமும் வீட்டுக்குப் பதில் பணமாக வாங்கிக்கொண்டது. ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்ததில் ஆளுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கத்தான் தேறியதாம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. கரூ என்ற இந்த வறண்ட வட்டாரத்து ஆட்டுக்கறி, தணலில் சுட்ட ரூஸ்டர்கூக் ரொட்டி. கொழுப்பு விரலில் வழிய வழியத் தின்றேன். ஊருக்குள் உள்ள உணவகத்தில் கேட்டதில் பாதி விலைகூட இல்லை. தங்குவதென்றால் க்ரூன்வேலில் தங்குங்கள். ஊருக்கு வெளியே பாறைத் தூண்கள் நிற்கும் ‘பாழ்நிலப் பள்ளத்தாக்கு’ (Valley of Desolation) பார்க்க பஸ் கிடையாது, வாடகைக் காரைப் பங்குபோட ஆள் பிடித்துக்கொண்டு போங்கள்.